போர்வைக்குள் இருந்த கைதி

என்னங்க,

இந்தச் சீட்டு கையில கிடைச்சதுன்னா, போர்வையை விலக்கிட்டீங்க. உள்ள நான் இல்ல, தலையணைதான். நேத்து நீங்க செஞ்ச அதே வேலை! நூறு தடவை எனக்குக் கதை சொன்ன அந்தக் கறுப்பு வெள்ளை ஜெயில் படத்துல கைதி தப்பிக்கிற மாதிரியே தலையணைக்குப் போர்த்திவிட்டு, தியேட்டர்ல மறுபடி வந்திருக்கிற அந்தப் படத்துக்கே நழுவியிருக்கீங்க. நேத்து காலையில போட்ட சண்டைக்கு நான் கால்மணி நேரம் மன்னிப்பு கேட்டது தலையணைகிட்ட. நல்ல மனசு அதுக்கு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசல.

இன்னைக்கு அந்தப் படத்துக்கு நான் போறேன். சாப்பாடு அடுப்படியில மூடி வச்சிருக்கு.

மன்னிப்பு கேட்கணும்னா தலையணைகிட்டயே கேளுங்க, அது எங்கிட்ட சொல்லிடும்.

மறந்துட்டேன்: நாலு மணிக்கு உங்க அக்கா வராங்க. முன்வாசல்ல அவங்க நிப்பாங்க. பின்வாசல் சாவி என் கைப்பையில.