சங்காயம்

1 ஜூலை 2025, செவ்வாய்

பால்வாடியில் இன்று பதினேழு பிள்ளைகள். முட்டை வரவில்லை. சுண்டலை அவித்துப் போட்டுச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்தால் தெருவிலேயே பேரன் அழுகிற சத்தம். பிறந்து பன்னிரண்டு நாள். என் மகள் மாஷிதாவுக்குப் பால் ஊறவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "ரத்தம் எட்டுதான் இருக்கு டீச்சர். கீரை, முட்டை, சின்ன மீனு எதுவும் குடுக்கலையா?" என்று என்னைக் கேட்டாள். ஊர்ப் பிள்ளைத்தாச்சிகளுக்கெல்லாம் என்ன சாப்பிட வேண்டும் என்று பாடம் நடத்துகிறவள் நான். என்னிடம் கேட்கிறாள்! பத்து மாதமும் என் மகள் தின்றது பிராய்லர் கோழி. வறுவல், சிக்ஸ்டி ஃபைவ், பிரியாணி. "மீனு நாறுது உம்மா" என்றாள். சரி, மசக்கை என்று விட்டேன். ஏழாவது மாதத்தில் என்ன மசக்கை? வாங்கிக் கொடுத்ததும் நான்தானே.

பிள்ளை பெற்றவளுக்குக் காரல் சாறு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு சாண்கூட இல்லாத வெள்ளி மீன். இவருக்கோ, என் வீட்டுக்காரர் சீனி முகம்மதுக்கு, சொந்தமாக விசைப்படகு. நேற்று கடலுக்குப் போகும்போதே சொல்லி அனுப்பினேன். இன்று காலை என்ன கொண்டு வந்தார்? ஒரு கிலோ பிராய்லர்.

"பிள்ளை பெத்தவ, தெம்பாச் சாப்பிடட்டும்"னாரு.

2 ஜூலை, புதன்

படகு போனது. காரல், காரல், காரல் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

3 ஜூலை, வியாழன்

இன்றும் இல்லை. "வலையில படலைங்கிறேன்ல" என்றார். நம்பவில்லை. புர்காவை மாட்டிக்கொண்டு நேராக ஜெட்டிக்கே போய்விட்டேன்.

எங்கள் படகுக்கு முன்னால் இடுப்புயரத்துக்கு மீன் குவியல். மண்வெட்டியால் வாரி லாரியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலாகவே கிடக்கிறது காரல், கட்டைவிரல் நகம் அளவில்.

"இது என்னங்க?"

"சங்காயம்."

"காரல் இல்லையா இது?"

"சங்காயத்துல பேரெல்லாம் கிடையாது சபியா. மொத்தமா அரைச்சுக் கோழித் தீவனத்துக்குப் போகுது. ஆம்பளைக நிக்கிற எடத்துல வந்து மானத்தை வாங்காத."

மானம்!

ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்தேன். ஒரே அழுகல் நாற்றம். சங்காயத்துக்கு யாரும் ஐஸ் போடுவதில்லையாம். மாஷிதா வாந்தி எடுத்தாள். நான் விடவில்லை. முற்றத்தில் பழைய பேப்பரை விரித்து வகைவகையாகப் பிரித்து வைத்தேன். காரல். நகரைக் குஞ்சு. சங்கராக் குஞ்சு. ஊளிக் குஞ்சு. பாரைக் குஞ்சு. பொட்டு நண்டு. கணவாய். எனக்கே பெயர் தெரியாதது ஏழு வகை. பால்வாடி ரெஜிஸ்டர் எழுதுகிற கை, பெயர் போடாமல் இருக்க முடியவில்லை. ஒன்றுகூட வளர்ந்தது இல்லை. ஒன்றையும் சட்டியில் போடவும் முடியாது. குழி தோண்டிப் புதைத்தேன்.

4 ஜூலை, வெள்ளி

சண்டை. பக்கத்து வீட்டு சூஃபியா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்கட்டும்.

வலையின் கடைசியில் மீன் போய்ச் சேருகிற மடி இருக்கிறதே, அதற்குள் கொசுவலை மாதிரிப் பொடிக்கண்ணில் இன்னொரு மடியை வைத்துத் தைத்திருக்கிறார். கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஏன் தைத்தீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாருந்தான் போடுறான். பெரிய மீனு இப்ப எங்க இருக்கு? சங்காயம் இல்லைன்னா டீசலுக்கே கட்டாது. இப்ப என்ன வந்துருச்சு? கோழி மீனைத் திங்குது, நாம கோழியைத் திங்குறோம். சுத்தி நம்ம வயித்துக்குத்தானே வருது?"

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பெரிய விஞ்ஞானி! கடலில் இருக்கிற குஞ்சையெல்லாம் அரைத்துக் கோழிக்குப் போட்டு, அந்தக் கோழியை எண்ணெயில் பொரித்து என் மகளுக்குப் போட்டு, அவள் ரத்தம் எட்டு. பேரனுக்குப் பால் இல்லை. இதுதான் சுற்றி வருகிற லட்சணமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு — ஒன்றும் செய்யவில்லை. அரிசி களைந்தேன்.

5 ஜூலை, சனி

பேரனைப் பால்வாடித் தராசில் போட்டேன். பிறந்தபோது மூன்று கிலோ. இன்று இரண்டே முக்கால். "தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, கூடவே டின் பாலும் குடுங்க. மீனு மட்டுமே பாலை ஊற வச்சிடாது டீச்சர். முதல்ல அவ ஏதாச்சும் ஒழுங்காச் சாப்பிடணும்" என்றாள் நர்ஸ்.

மாஷிதா எதையும் தொடுவதில்லை. "காரல் சாறுன்னா குடிக்கிறேன் உம்மா" என்கிறாள். பத்து மாதம் மீனே நாறியது அவளுக்கு! கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. இப்போது கேட்கிறாள், இப்போது இல்லை.

ரெஜிஸ்டரில் பேரன் பெயருக்கு நேரே எடைக்குறைவு என்று என் கையாலேயே எழுதினேன்.

7 ஜூலை, திங்கள்

பக்கத்து ஊர் நாட்டுப்படகுக் கரைக்கு பஸ் ஏறிப் போனேன். கரையோரத்தில் சின்ன வலை போடுகிறவர்கள். காரல் இருந்தால் அவர்களிடம்தான் இருக்கும். கருத்தம்மாள் என்றொரு அம்மாவிடம் போகச் சொன்னார்கள். மகன்களோடு சொந்தப் படகு வைத்திருக்கிறவள். விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைக்கு என்ன பேர் வச்சிருக்கீக என்று பிரியமாகத்தான் விசாரித்தாள். பிறகு எந்தப் படகு உங்கள் படகு என்று கேட்டாள். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"போன மாசம் எங்க வலையை அறுத்து இழுத்துட்டுப் போனது அந்தப் படகுதான். உங்க மேல கோவமில்ல டீச்சர். உங்க வீட்டுக்காரரு வந்து கேக்கட்டும். கிடைச்சா சும்மாவே தாரேன்."

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். அவள் இடத்தில் நானாக இருந்தால் செருப்பைத்தான் எடுத்திருப்பேன்.

8 ஜூலை, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். "நாட்டுப்படகுக்காரன்கிட்டப் போயி நான் கையேந்தணுமா? எம் படகுல வராததா?"

வருதே! லாரி லாரியா வருதே! அள்ளி உம் பேரன் வாயில ஊத்து!

'உங்க' என்று சொல்லாமல் 'உம்' என்று சொல்லிவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை. வருத்தமில்லை.

10 ஜூலை, வியாழன்

பேச்சுவார்த்தை இல்லை. அவர் வாங்கி வந்த கோழி ஃபிரிட்ஜில் அப்படியே கிடக்கிறது.

11 ஜூலை, வெள்ளி

ஜும்மா முடிந்தும் அவர் வீட்டுக்கு வரவில்லை. நாலு மணிக்கு வந்தார். கைலி முழங்கால்வரை நனைந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. கையில் ஒன்றுமில்லை.

"தரமாட்டேன்னுட்டாங்களா?"

"அப்படிச் சொல்லல." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "உக்கார வச்சு டீ குடுத்துச்சு அந்தம்மா. மகங்க வலையை இழுக்குற வரைக்கும் இருங்க, நீங்களே பாத்து எடுத்துக்கங்கன்னுச்சு. நானும் தண்ணியில எறங்கிச் சேந்து இழுத்தேன் சபியா. பாசியும் ஒரு கை நண்டும். காரல் ஒண்ணுகூட இல்ல. நாலு நாளா அப்படித்தானாம்."

அறைக்குள்ளிருந்து மாஷிதா, "வாப்பா, கிடைச்சுச்சா?" என்று கேட்டாள். அவரைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒன்றும் ஆறவில்லை. கஞ்சியில் முருங்கைக்கீரையைப் போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

12 ஜூலை, சனி

பேரன் இருநூறு கிராம் கூடியிருக்கிறான். டின் பால்தான்.

மற்ற படகெல்லாம் காலையிலேயே போய்விட்டன. எங்கள் படகு போகவில்லை. ஆள்கள் வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள், அப்புறம் வேறு படகு தேடிப் போய்விட்டார்கள். இவர் முற்றத்தில் வலையைப் போட்டுக்கொண்டு, பிளேடால் உள்மடியின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் போய் நிற்கவில்லை. ஒரு படகு மாறினால் கடல் மாறிவிடுமா? மாஷிதா பிள்ளை பெற்ற நாற்பது நாளுக்குள் காரல் வந்துவிடுமா? வராது, தெரியும்.

சூஃபியா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன லாத்தா, படகு போகலையா? இஞ்சின் கோளாறா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.