மருந்து வைக்காத கை

என் கூடப்பிறந்த பாப்பாவுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. உனக்கு ஒரு வரி எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. கோணல் மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நேற்று உன் மகள் மல்லிகா செங்கத்திலிருந்து பஸ் பிடித்து மலைக்கு வந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வருசப் படையலாம். இலையில் முதல் பிடி சோற்றைக் கூடப்பிறந்தவள் ஆக்கி வைப்பதுதானே நம் வீட்டு வழக்கம்.

"நீ வரணும் பெரிம்மா."

"என் கைச்சோறு உங்கம்மாவுக்கு ஆவாதுடி. போய் வேலயப் பாரு" என்றேன்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். நம் தம்பி மகனுக்குக் காது குத்திய நாள். நீ கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாய். நான் ஆக்கிய சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினார்கள். மந்தாரை இலையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாய். "எங்கக்கா இதுல மருந்து வெச்சிருக்கா. நான் செத்துப் போவணும்னு பாக்குறா" என்றாய். பந்தி முழுக்கக் கை அப்படியே நின்றது. தம்பி பெண்டாட்டி மட்டும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

அப்புறம் உன்னைப் போளூர்ப் பக்கம் மருந்து எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் உன் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, முடியும் சோறுமாக ஒரு கட்டியைத் துப்பிக் காட்டினார். அதற்கு மேல் யார் என்னை நம்புவார்கள்? பதினெட்டு வருசம் என் வீட்டில் ஒருத்தரும் வாய் நனைக்கவில்லை. என் பேத்திக்குப் பேர் வைத்த அன்றுகூடக் கடையில் வாங்கிய மிக்சரைத்தான் தின்றார்கள். அந்தக் கோபத்தில்தான் நீ செத்தபோது வந்து நின்றுவிட்டு, வாய்க்கரிசி போடாமல் திரும்பினேன்.

மல்லிகா இப்போது மனநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பின்னால் உன்னை டாக்டரிடம் காட்டியபோது எழுதிக் கொடுத்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை என் முன்னால் விரித்தாள்.

"இத்தினி வருசமா சொல்ல வந்தேன், நீ வாசல்ல நிக்கவே வுடல. அம்மாவுக்கு வந்தது நோயி. பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா."

"இன்னாடி இது, மாத்திரை பேரா?"

"நோயோட பேரு. இங்கிலீசுல இருக்கு, ஆனா வேரு கிரேக்க பாசை. பாரான்னா பக்கத்துல, தள்ளி. நூஸ்ன்னா புத்தி. புத்தி இருக்க வேண்டிய எடத்த வுட்டுத் தள்ளிப் போய்டுச்சு. ஸ்கிசோன்னா பொளக்குறது. ஃபிரேன்ங்கிறதும் மனசுதான். ஆனா மின்ன கிரேக்கருங்க அந்தப் பேர இந்த எடத்துக்குத்தான் வெச்சிருந்தாங்களாம்" என்று என் விலா எலும்புக்குக் கீழே கை வைத்தாள்.

"அப்ப அந்தாளு துப்பிக் காட்டுன கட்டி?"

"வாயிலயே வெச்சினு வந்திருப்பாரு பெரிம்மா."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை பாப்பா. அன்று பேசியது நீயா, நோயா? நோய்தான் என்றால் இத்தனை வருசம் நான் யாரோடு பேசாமல் இருந்தேன்? யார் அந்தக் கிரேக்கர்? அவர்கள் ஊரிலும் ஒருத்தி தன் அக்காள் வைத்த சோற்றைத் தள்ளினாளா? மல்லிகா கை வைத்த இடத்தில்தான் என் கோபமும் இருக்கிறது. ராத்திரி பகல் என்று இல்லாமல் அங்கேதான் எரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

நோய் என்று கேட்டதும் கோபம் இறங்க வேண்டாமா? இறங்கவில்லை. தம்பி பெண்டாட்டி பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அவளுக்கு ஒரு நோயும் இல்லையே, அவள் ஏன் சிரித்தாள்?

உன்னிடம் ஒன்றை ஒளிக்க முடியாது. காது குத்துக்கு முந்தி ஒரு மாசமாக நீ சரியாகத் தூங்கவில்லை. பலாமரத்தடியில் தனியாக உட்கார்ந்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பாய். நான் பார்த்தேன். பந்தியில் நீ அப்படிச் சொன்ன பிறகு, அந்த ஆத்திரத்தில், பார்த்ததை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மருந்து எடுக்கிறவரிடம் போகாமல் அப்போதே டாக்டரிடம் போயிருப்பாயோ? மல்லிகாவிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. நீ என்னை மன்னிக்க வேண்டுமா என்பதே எனக்கு விளங்கவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறேன். சாமையை நானே குத்தி, நானே ஆக்குவேன். தம்பி பெண்டாட்டியும் பார்க்கட்டும், எல்லார் முன்னாலும் முதல் வாயை நான் தின்பேன். நான் முழுங்கி முடிக்கிறவரை நீ பார்த்துக்கொண்டிரு. அப்புறம் உன் இலையில் வைக்கிறேன். பயப்படாமல் சாப்பிடு.

இப்படிக்கு,
உனக்கு மூத்தவள்,
அக்கா ராமாயி