தலைகீழா வாசிச்ச பேய்க்கதை

ஒஸ்லோ, கார்த்திகை 12, செவ்வாய்

பேய் நாவல் ஒண்டைப் படக்கதையாக்கின யப்பான் புத்தகத்தை மகள் நூலகத்திலை எடுத்து வந்தவள். பின்னேரம் சும்மா இருந்து படங்களைப் பாத்தன். முதல் பக்கத்திலை ஒரு சிறுமியின்ரை ஆவி அலையுது. நடுவிலை ஆக்கள் அவளைக் கடலிலை இருந்து தூக்கினம். கடைசியிலை தாயோடை இருந்து சாப்பிடுறாள்.

"நல்ல முடிவு. செத்தவள் வீட்டை வந்திட்டாள்" எண்டன்.

மகள் விழுந்து விழுந்து சிரிச்சாள். "அப்பா, யப்பான் புத்தகம் வலப்பக்கத்திலை இருந்து வாசிக்கிறது. நீங்கள் தலைகீழா வாசிச்சிருக்கிறியள்."

"எனக்கு வாசிக்கத் தெரியும்" எண்டு கத்திப்போட்டன். அவள் எழும்பி அறைக்குள்ளை போயிட்டாள்.

என்ரை தங்கச்சியையும் கடலிலை இருந்துதான் தூக்கினவை. அவளைப்பற்றி மகளிட்டை ஒருநாளும் கதைச்சதில்லை.

புத்தகம் மேசையிலை கிடக்கு. படுக்க முதல் இன்னொருக்காப் பாக்கப்போறன், இடப்பக்கத்திலை இருந்து.