ரிவர்ஸ் விழாத கார்

2025 ஜனவரி 12, ஞாயிறு

மல்லேஸ்வரம் போய் ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்தோம். வெள்ளை நிறம், சின்ன வண்டி, ஆட்டோமேட்டிக். ஏழு வருஷம் ஆகிறது. பத்ரிநாத் என்று ஒரு ரிட்டயர்ட் இன்ஜினியர் விற்கிறார். மகன் கனடாவிலேயே தங்கிவிட்டானாம்.

எனக்கு ஆட்டோமேட்டிக்தான் ஆகும். இடது கணுக்காலில் பிளேட் வைத்ததிலிருந்து கிளச் மிதிக்க முடியாது. லைசென்ஸ் மட்டும் பர்ஸில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேலாக என் வீட்டுக்காரர் ரவிதான் நாலே முக்காலுக்கு எழுந்து, பைக்கில் என்னை ஹெண்ணூரில் ஆஸ்பத்திரி லேபில் இறக்கிவிட்டு, அங்கிருந்து பீன்யாவுக்குத் தன் வேலைக்குப் போகிறார். லிஃப்ட் மெயின்டனன்ஸ். மத்தியானம் திரும்ப எப்படியாவது வந்து கூட்டிக்கொண்டு போகிறார்.

சாங்கி டேங்க் வரை நானே ஓட்டிப் பார்த்தேன். கால் ஒன்றுக்குத்தான் வேலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே சிரித்தேன். ரவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அவரும் பத்ரிநாத் சாரும் கேட்டருகே ரொம்ப நேரம் பேசினார்கள். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஒரு மாதமாக "பழைய ஆட்டோமேட்டிக் வேண்டாம் வீணா" என்று சொன்ன மனிதர், வந்து "எடுத்துக்கலாம்" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

கார் வந்துவிட்டது. மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பௌத்தம், எலுமிச்சம்பழம் நசுக்குகிற பழக்கமெல்லாம் இல்லை. எதிர்வீட்டு முத்தம்மா அக்கா விடவில்லை. "உங்க சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்று நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்துவிட்டார். மகள் ரக்ஷிதா ஒன்பதாம் வகுப்புக்கான எல்லாப் படிப்பையும் விட்டுவிட்டு வீடியோ எடுத்தாள்.

ஜனவரி 20

தனியாகப் போனேன். தனியாக வந்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ரோடு காலியாக இருப்பதால் ஒன்றும் தெரிவதில்லை. மத்தியானம் லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் ஏறும்போதுதான் — நின்று நின்று நகர்ந்த டிராஃபிக்கில் வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், முன்னால் போகவேண்டிய கார் பின்னால் உருண்டது. பின்னால் பைக்கில் நின்றவன் என் டிக்கியைத் தட்டிக் கத்தினான். கன்னடத்தில் சாரி சாரி என்றேன்.

ரவியிடம் சொன்னேன். "டிராஃபிக்ல இந்த மாதிரி வண்டி அப்படித்தான் இருக்கும். சூடாச்சுன்னா ஓரமா நிறுத்தி பத்து நிமிஷம் விடு" என்றார். இவருக்கு எப்படித் தெரியும்? யூடியூபில் பார்த்திருப்பார்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதவே கூசுகிறது.

எங்கள் ஜோகுபாளையம் சந்தில் எதிரே தண்ணீர் லாரி வந்துவிட்டது. அவனால் பின்வாங்க முடியாது, நான்தான் போகவேண்டும். ரிவர்ஸ் போட்டேன். விழவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன், டேஷ்போர்டில் ஒரு விளக்கு மினுக்கியதே தவிர வண்டி அசையவில்லை. லாரிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் ஆறேழு பேர் சேர்ந்து என்னை உள்ளே உட்காரவைத்து அப்படியே பின்னால் தள்ளினார்கள். ஒருத்தர் சொன்னார், "லேடீஸ் ஓட்டுனா இப்படித்தான்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவமானம் ஒரு பக்கம். இந்த ஒரு விஷயமாவது என் கையில் இருக்கிறது என்று நினைத்தேனே, அதுவும் போனது.

பிப்ரவரி 15, சனி

லிங்கராஜபுரத்தில் சையத் பாய் ஒர்க்‌ஷாப். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "மேடம், இந்த கியர்பாக்ஸ்ல ரெண்டு கிளச். ஒண்ணு, மூணு, அஞ்சுக்கு ஒரு கிளச். ரெண்டு, நாலு, ஆறு, ரிவர்ஸுக்கு இன்னொண்ணு. அந்த இன்னொண்ணு கதம். ரெண்டு கிளச்சையும் இயக்குற யூனிட்டும் போச்சு."

நான் வாங்கியே ஒரு மாதம்தான் ஆகிறது என்றேன். அவர் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினார். "இது புது கம்ப்ளெயின்ட் இல்ல. போன அக்டோபர்லயே ரெக்கார்ட் ஆயிருக்கு பாருங்க. விக்கிறவங்களுக்கு நல்லாத் தெரியும்."

பத்ரிநாத். நெற்றியில் நாமம், பேச்சில் அவ்வளவு மரியாதை. ஒரு ஊனக்காரியை ஏமாற்ற எப்படி மனசு வந்தது?

ரவி சொல்கிறார்: "விடு வீணா. வயசானவர். போய் சண்டை போட்டா திருப்பிக் குடுக்கப் போறாரா?" எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எப்பவும் விடு, விடு. எதைத்தான் விடாம இருந்தாரு இவரு?

பிப்ரவரி 16, ஞாயிறு

காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன். மெஜஸ்டிக்கில் மாறி, சம்பிகே ரோடில் இறங்கி, ஆட்டோ பிடித்து. வழியெல்லாம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பத்ரிநாத் சாரே கதவைத் திறந்தார். "வாங்கோ வாங்கோ. வண்டி எப்படி இருக்கு?" அவர் மனைவி காபி கலக்க எழுந்தார்கள். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே கேட்டேன். "தெரிஞ்சேதானே சார் வித்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. "உங்க ஹஸ்பண்ட் உங்ககிட்ட சொல்லலையா?"

உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். ஒரே ஒரு தாள். கியர்பாக்ஸில் பழுது இருக்கிறது, சர்வீஸ் சென்டர் மாற்றச் சொல்லியிருக்கிறது, இதையெல்லாம் சொல்லித்தான் விலையைக் குறைத்துக் கொடுக்கிறேன் — கவர்மென்ட் ஆபீஸ் தமிழில், பாயின்ட் பாயின்ட்டாக. கீழே ரவியின் கையெழுத்து. ஜனவரி 12.

"பின்னால பேச்சு வரக்கூடாதுன்னு எழுதி வாங்கிண்டேன். ஒரு வருஷம் ஓடினாலும் போதும் சார்னார்" என்றார். பிறகு மெதுவாக, "உக்காருங்கோம்மா" என்றார்.

நான் உட்காரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா? ஞாபகமில்லை. கேட்டிருக்கவேண்டும்.

பிப்ரவரி 17

இவர் என்று எழுத வரவில்லை. ரவி என்றும் வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மூன்று நாளாகச் சமைத்துப் போட்டேன், பேசவில்லை. இன்று சாயங்காலம் ரக்ஷிதா ட்யூஷனுக்குப் போனதும் கேட்டுவிட்டேன். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"மல்லேஸ்வரம் போயிருந்தேன். பேப்பரப் பாத்தேன்."

கையிலிருந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஃப்ளைஓவர்ல பின்னால உருண்டுச்சு. லாரி நின்னிருந்தா? என்னைக் கொன்னுருப்பீங்க. ஒரு தடவை பண்ணது பத்தாதா?"

வந்துவிட்டது. இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தது. டிரினிட்டி சர்க்கிளில் ரெட் சிக்னல் விழப்போகிறது என்று தெரிந்தும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாரே, பைக் என் கால்மேல் விழுந்ததே, அதைப்பற்றி அன்றிலிருந்து ஒரு வார்த்தைகூட நான் கேட்டதில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு முடியல வீணா. நாலே முக்காலுக்கு அலாரம் அடிச்சா நெஞ்சு அடைக்குது. மைசூர்ல சூப்பர்வைசர் போஸ்டிங் ரெண்டு தடவை வந்துச்சு, உன்கிட்ட சொல்லவே இல்ல, வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். அது போகட்டும். நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவே இல்ல. பின்னால உக்காந்தா என் தோளப் பிடிக்க மாட்ட, கம்பியப் பிடிச்சுக்கிட்டு வருவ. தினமும். நான் கண்ணாடியில பாக்குறேன்."

நான் கொத்தமல்லியைக் கிள்ளத் தொடங்கினேன்.

"அன்னிக்கு அந்தக் கார்ல நீ சிரிச்ச. ரெண்டு வருஷத்துல நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல. அதோட இனிமே நீயே போயிப்பேன்னும் தோணுச்சு. ரெண்டும்தான். பொய் சொல்லல."

பருப்பு பொங்கி அடுப்பு அணைந்தது. கேஸை மூடினேன்.

பிப்ரவரி 20

கம்பியைத்தான் பிடித்தேன். தெரிந்தேதான் பிடித்தேன். அவருக்குத் தெரியவேண்டும் என்றேதான்.

அதற்காக உயிரோடு விளையாடுவதா? இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? நானும் சரியில்லை என்பதால் அவர் செய்தது சின்னதாகிவிடுமா? ஆகாது. ஆகவே ஆகாது.

பிப்ரவரி 26, புதன்

இரண்டு பஸ் மாறிப் போகிறேன். கால் வீங்குகிறது. நாலே முக்காலுக்கு அவரும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கூப்பிடுவதில்லை. நானும் கேட்பதில்லை. பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே நடந்து வந்து, நான் ஏறியதும் திரும்பிப் போகிறார்.

மத்தியானம் சையத் பாய் ஃபோன் செய்தார். விற்றுத்தரச் சொல்லியிருந்த வண்டிக்கு ஒரு பார்ட்டி வந்திருக்கிறதாம். "கம்ப்யூட்டர்ல ஃபால்ட்டை அழிச்சு செட்டிங் பண்ணிடறேன். பதினஞ்சு நாள் வெண்ணெய் மாதிரி ஓடும். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என் விஷயத்தில் யார் யோசித்தார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

வண்டியைப் பார்க்க வீட்டுக்கு வந்தது வைஷ்ணவி என்று ஒரு பெண். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ஹொரமாவு பக்கம் ஸ்கூல் டீச்சர். அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றி உட்காரவைத்துப் பார்த்தாள், மூட்டுவலியாம், பஸ் ஏற முடியாதாம்.

ரவியிடம் முன்பே சொல்லியிருந்தேன்: "நீங்க வாயைத் திறக்கக்கூடாது."

சந்துமுனை வரை ஓட்டிப்போய், ரிவர்ஸிலும் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. "ஏன்க்கா விக்கிறீங்க?" என்றாள். "இப்பல்லாம் தேவைப்படல" என்றேன். பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது. பிறகு அவள் கேட்டாள்: "எனக்கு ஃப்ளைஓவர் ஏறத்தான் பயம்க்கா. ஆட்டோமேட்டிக்னா பின்னால உருளாதில்ல?"

உருளாது என்று சொல்ல வாய் திறந்தேன். இதை மறைத்து எழுதி என்ன பயன், சொல்லத்தான் போனேன்.

"உருளும்" என்றார் ரவி. "கியர்பாக்ஸ் போயிருக்கும்மா. இப்போதைக்கு சரி பண்ணி வெச்சிருக்கு. ரெண்டு வாரத்துல ரிவர்ஸ் விழாது. இதை எடுக்காத."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அம்மாவைக் கைபிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நடுச்சந்தில் கத்தினேன். "யாரோ ஒருத்திக்குச் சொல்ல வாய் இருக்கு, எனக்குச் சொல்ல இல்லையா?"

"உன்கிட்ட சொல்லாம இருந்து பட்டது போதும்" என்றார். முத்தம்மா அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 10

நேற்று அவர் பேசாமலிருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? காலை முழுக்க ரத்த சாம்பிள்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே இதைத்தான் நினைத்தேன். ஒரு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன், நல்லவேளை உடனே பார்த்துவிட்டேன்.

அவரை மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவருக்கு மேலே நின்றிருந்த உயரத்திலிருந்து இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

அம்பேத்கர் ஜெயந்தி, லீவு. மூன்று பேரும் விகாரைக்குப் போய் வந்தோம், ஆட்டோவில்.

வண்டியை விற்பதில்லை என்று முடிவு. எங்கேயோ அடிபட்டுக் கிடந்த காரிலிருந்து கியர்பாக்ஸையே கழற்றி நம் வண்டிக்குப் போடுகிறேன் என்கிறார் சையத் பாய். எத்தனை நாள் வரும் என்று கேட்டால், "அல்லாவுக்குத்தான் தெரியும் மேடம், எனக்குத் தெரியாது" என்கிறார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

ரவியிடம் நானேதான் சொன்னேன்: "மைசூர் போஸ்டிங் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க." கோபத்தில் சொல்கிறேனா என்று முகத்தைப் பார்த்தார். எனக்கே தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ரவி மைசூர் போய் மூன்று வாரம். சனிக்கிழமை வருகிறார், திங்கள் விடியற்காலை ரயிலில் திரும்புகிறார். வீட்டில் இடம் அதிகமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. சில நாள் நிம்மதியாக, சில நாள் அப்படியில்லாமல். வண்டி ஓடுகிறது. ஃப்ளைஓவர் வந்தால் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மத்தியானம் மழை. ரக்ஷிதா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார், ஒரு கையாலேயே. எத்தனை நாளாக இப்படி மடிக்கிறார்? திடீரென்று கேட்டேன்.

"அன்னிக்கு டிரினிட்டில... உங்களுக்கு எங்கயாவது அடிபட்டுச்சா?"

சட்டையைக் கீழே வைத்தார். "இடது மணிக்கட்டு. ஒரு எலும்பு விரிசல் விட்டிருந்துச்சு. நீ ஆபரேஷன்ல இருந்தியா, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். சரியாச் சேரல. பைக்ல கிளச் பிடிக்கும்போது வலிக்கும். அவ்வளவுதான்."

தினமும் ஹெண்ணூர். தினமும் பீன்யா. எத்தனை சிக்னல்.

"காட்டுங்க" என்றேன். நீட்டினார். நான் லேபில் ரத்தம் எடுக்க நூறு பேர் கையைப் பிடிக்கிறவள். எலும்பு புடைத்திருந்த இடம் விரலுக்கு உடனே தெரிந்தது. மழை விடும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும்.