கட்டில் டிரைவர் வீட்டுக்குப் போன கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும். இங்க நானும் அம்மாவும் இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுத வேண்டிய இடத்துல இருக்கோம்னு மட்டும் எழுதறேன், மீதியை நீயே புரிஞ்சுக்குவ. போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு கேட்ப. என் கட்டிலை ஹால்ல போட்டிருக்கு, அதுக்கும் சமையலறைக்கும் நடுவுல ஒரு திரைகூடக் கிடையாது, நான் போன்ல இருமினாக்கூட அம்மா என்னன்னு எட்டிப் பார்க்கறா. அவளைப் பத்தி அவ காதுல விழாம உன்கிட்ட சொல்ல எனக்கு வேற வழி தெரியல. மல்லாந்து படுத்து, அட்டையை நெஞ்சு மேல சாய்ச்சு வச்சு எழுதறேன். பேனாவைத் தலைகீழாப் பிடிச்சா மை இறங்க மாட்டேங்குது, அதனால பென்சில். எழுத்து கோணலா இருந்தா பென்சிலைத் திட்டு.

போன வாரம் நீ அம்மாகிட்ட பேசினது எனக்கும் கேட்டுச்சு. அங்க நீ கத்தினது இங்க என் கட்டில் வரைக்கும் வந்துச்சு. ஊருக்கு உழைக்கறேன்னு அப்பாவைக் கிடக்க விட்டுட்டியேன்னு கேட்ட. அம்மா சரி, சரின்னு மட்டும் சொல்லிட்டு போனை வச்சா. அப்புறம் போய்க் காய் நறுக்கினா. என்கிட்ட ஒண்ணும் சொல்லல, நானும் கேட்கல. அதுக்கப்புறம் நீ கூப்பிடவே இல்ல. உன்கிட்ட சொன்னது உன் அத்தைதான்னு எனக்குத் தெரியும், அவ சொன்னதுல பொய்யும் இல்ல. ஆனா அவ ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்துட்டுப் போனவ, அவளுக்கு முழுசும் தெரியாது. நான் சொல்றேன். படிச்ச பிறகும் கோபம் இருந்தா வச்சுக்கோ, நான் பிடுங்க மாட்டேன்.

அம்மா தலைவி ஆனது நீ கல்யாணமாகிப் போன பிறகுதான், அதனால சங்கத்து விவகாரம் உனக்கு அவ்வளவாத் தெரியாது. நூலகத்துக்குப் பின்னாடி ஒரு அறை, அதுதான் சங்கம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், பிடிச்சு நடக்கற வாக்கர் எல்லாம் தேவைப்படறவங்க வீட்டுக்கு இரவலாக் கொடுப்பாங்க, தேவை முடிஞ்சதும் எடுத்துட்டு வந்து கழுவித் துடைச்சு வைப்பாங்க. முடியாதவங்க வீட்டுக்கு முறை வச்சுக்கிட்டுப் போய்க் கை கொடுப்பாங்க. அவங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய பொருள் மோட்டார் கட்டில். பட்டனை அழுத்தினா தலைப்பக்கம் எழும்பும், இன்னொண்ணை அழுத்தினா முழுக்கட்டிலும் உசரும். அது கொஞ்சம்தான் இருக்கு, எப்பவும் யார் வீட்டுலயாவது இருக்கும். முன்னாடி இருந்த தலைவர் காலத்துல தெரிஞ்சவங்க வீட்டுக்குத்தான் முதல்ல போகும், தெரியாதவங்க நடையா நடந்து ஓய்ஞ்சு போவாங்க. அம்மா வந்ததும் ஒரு விதி போட்டா. யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்களுக்கு முதல்ல, ரெண்டு பேரும் ஒரே மாதிரின்னா முன்னாடி கேட்டவங்களுக்கு, சங்கத்து ஆளா இருந்தாலும் வரிசையிலதான் நிக்கணும். அன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. கட்டில் நமக்கு எதுக்கு வரப் போகுதுன்னு நினைச்சவன்தானே நான்.

நான் விழுந்தது உனக்குத் தெரியும். வாழ்க்கை பூரா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ஜனங்களை மேல ஏத்திக் கீழ இறக்கினவன், நம்ம கட்டடத்து லிஃப்ட் ரிப்பேர்னு படியில இறங்கி இடுப்பு எலும்பை முறிச்சுக்கிட்டேன். சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ, ஆஸ்பத்திரியில நர்ஸே சிரிச்சா. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பற நேரம் டாக்டர், தலைப்பக்கம் எழும்பற கட்டில் கிடைச்சா இவருக்கு நல்லதுன்னு சொன்னார். அந்த வாரம்தான் ஒரு மோட்டார் கட்டில் சங்கத்துக்குத் திரும்பி வந்திருந்துச்சு. அது ஸ்கூல் பஸ் ஓட்டற ஒரு டிரைவர் வீட்டுக்குப் போக வேண்டியது. அவர் சம்சாரத்துக்கு நரம்பு வியாதி, உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்த பொண்ணு. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டும்கறதால நாற்காலியில உட்கார்ந்தபடியே தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

சங்கத்துப் பொருளாளர் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கார், எதுக்கெடுத்தாலும் சபாஷ்னு சொல்றதால சங்கத்துல அவருக்குப் பேரே சபாஷ். நல்ல மனுஷன், ஓடியாடி வேலை செய்யறவர். கட்டிலை நேரா உங்க வீட்டுக்கு அனுப்பிடறேன், டிரைவருக்கு அடுத்தது வரும்போது கொடுத்துக்கலாம், உங்களுக்கு இல்லாத உரிமையான்னு அம்மாகிட்ட சொன்னார். அம்மா அது அவங்களோடதுன்னு சொல்லிட்டா. மறுநாள் அவர் டிரைவரையே கூட்டிக்கிட்டு வந்து நின்னார். அந்த ஆளு யூனிஃபார்மோட, பஸ் சாவியைக் கைக்குள்ள உருட்டிக்கிட்டு, சார் எடுத்துக்கட்டும்மா, இவ்வளவு நாள் சமாளிச்சவங்க இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்க மாட்டோமான்னார். சபாஷ் அம்மாவைப் பார்த்தார், இப்போ என்ன சொல்றீங்கங்கற மாதிரி. உண்மையைச் சொல்றேன், எனக்கு மனசுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

அம்மா டிரைவரை உட்காரச் சொன்னா. ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லுங்க, என் வீட்டுக்காரரா இல்லாம முன்பின் தெரியாத ஒருத்தருக்காக வந்து கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பீங்களான்னா. அவர் தரையைப் பார்த்தார். அப்படின்னா நீங்களா கொடுக்கல, நாங்கதான் உங்ககிட்ட இருந்து எடுக்கறோம்னு சொல்லிட்டு, கட்டில் நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வரும், வாசக்கதவு எவ்வளவு அகலம்னு கேட்டா. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு.

அவங்க போன பிறகு நான் பேசின பேச்சை இங்க எழுத மாட்டேன். நீ போன்ல பேசினதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அதனால உன் கோபம் எனக்குப் புரியாம இல்லம்மா. வலிக்கற உடம்புக்கு நியாயம் ஏறாது.

வீட்டுக்கு வந்து நம்ம பழைய இரும்புக் கட்டில்ல படுத்தேன். முதுகுக்குப் பின்னாடி தலையணை மேல தலையணையா அடுக்குவா, அது சரிஞ்சுக்கிட்டே இருக்கும், நானும் சேர்ந்து சரிவேன், அம்மா தோளைக் கொடுத்து என்னைத் தூக்கி உட்கார வைப்பா. நான் என்ன லேசான ஆளா. அவ வலது மணிக்கட்டு வீங்கிப் போச்சு, துணியைச் சுத்திக்கிட்டுத் தூக்கினா. என் குதிகால்ல ஒரு புண் வந்துச்சு, உன் அத்தை பார்த்துட்டுப் போய்ச் சொன்னது அதைத்தான். அந்த நாட்கள்ல நாங்க ரெண்டு பேரும் அதிகமாப் பேசிக்கல. தண்ணி வேணுமா, வேண்டாம், ஜன்னலைச் சாத்தவா, சாத்து, இவ்வளவுதான் பேச்சு. சண்டை போடவும் தெம்பு வேணும்.

நடுவுல ஒரு நாள் அந்த டிரைவர் காலை ட்ரிப் முடிச்சுட்டு நம்ம வாசல்ல வந்து நின்னார். தினமும் இந்த வழியாத்தான் போறேன், சாரைத் தூக்கி உட்கார வச்சுட்டுப் போறேன்னார். நல்ல கட்டுமஸ்தான ஆளு. எனக்கு வாயெல்லாம் பல்லு. அம்மா என்ன சொன்னா தெரியுமா, கட்டிலுக்குப் பதிலா நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், உங்க சம்சாரத்துக்கு இப்போ பரவாயில்லையா, அதைச் சொல்லுங்க போதும்னு காபி கொடுத்து அனுப்பிட்டா. நான் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கிட்டேன். நேர்மைக்கும் ஒரு அளவு வேண்டாமான்னு சுவர்கிட்ட கேட்டேன். சுவரும் அம்மா கட்சி.

அப்புறம்தான் சங்கத்துக் கூட்டம் வந்துச்சு. என்னை விட்டுட்டு அம்மாவால போக முடியாதுன்னு நம்ம ஹால்லயே வச்சாங்க, அதாவது என் கட்டிலைச் சுத்தி. ஒருத்தர் சோபாவுல, ஒருத்தர் என் கால்மாட்டுல, மத்தவங்க தரையில. என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு எல்லாரும் ஜன்னலைப் பார்த்துப் பேசினாங்க. சபாஷ் எழுந்து, விதியை மாத்தணும், பொறுப்புல இருக்கறவங்க குடும்பத்துக்கு முதல் உரிமை வேணும், ஊருக்கு உழைக்கறவங்களுக்கே நாம உதவலைன்னா நாளைக்கு யாரு உழைக்க வருவாங்கன்னு கேட்டார். காதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு. பாதிப் பேர் தலையாட்டினாங்க. அம்மா குரலை உசத்தல. வேணும்னா கை தூக்குங்க, நான் தடுக்க மாட்டேன், ஆனா அதுக்கப்புறம் உதவின்னு வாசல்ல வந்து நிக்கறவங்க முகத்தை என்னால பார்க்க முடியாது, வேற ஆளைத் தலைவியா வச்சுக்கோங்கன்னா. சபாஷுக்குக் கோபம் வந்துடுச்சு. என் பக்கம் கையை நீட்டி, கொள்கை பேசறது நீங்க, வலிக்கறது இவருக்கு, இவரையே கேட்போம்னார். எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க.

என் நிலைமையை நினைச்சுப் பாரு. முதுகு எரியுது, குதிகால் எரியுது, மாத்துங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்து வர்ற கட்டில் நமக்குத்தான். அம்மா என்னைப் பார்க்கல. துணி சுத்தின கையை மடியில வச்சுக்கிட்டுக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தா. நான் எதைச் சொன்னாலும் வாங்கிக்கத் தயாரா இருக்கற மாதிரி இருந்துச்சு அந்த உட்கார்ந்த விதம். ஆஸ்பத்திரியில நான் பேசினதுக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தா. நான் சொன்னேன், என்னைக் கேட்டா இப்பவே கட்டிலைக் கொண்டு வந்து போடுங்கன்னுதான் சொல்வேன், வலிக்கறவன் வேற என்ன சொல்வான், அதனாலதான் என்னைக் கேட்கக் கூடாது, அந்த டிரைவரையும் கேட்டிருக்கக் கூடாது, அதுக்குத்தானே விதின்னு ஒண்ணு போட்டீங்கன்னேன். சொல்லி முடிச்சதும் இவ்வளவு நல்ல வார்த்தை என் வாயில எதுக்கு வந்துச்சுன்னு எனக்கே வருத்தமாப் போச்சு.

கை தூக்கிப் பார்த்தாங்க. பழைய விதியே மயிரிழையில தப்பிச்சுது. சபாஷ் செருப்பை மாட்டிக்கிட்டுப் போனவர், இன்னும் சங்கத்துப் பக்கம் வரல. அம்மாவுக்கு அது மனசுல முள்ளா இருக்கு, அவரை மாதிரி வேலை செய்ய ஆள் கிடைக்க மாட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கா.

எல்லாரும் கிளம்பற நேரத்துல பேக்கரிக்காரம்மா அம்மா கையைப் பார்த்துட்டாங்க. மூலைக் கடை வச்சிருக்காங்களே, கூட்டத்துக்குக் கடைசியா வந்து முதல்ல பேசறவங்க, அவங்கதான். முடியாதவங்க வீட்டுக்கெல்லாம் தூக்கி உட்கார வைக்க நாம முறை வச்சுக்கிட்டுப் போறோமே, நீ ஏன் கேட்கலைன்னாங்க. நமக்கு எதுக்குன்னு அம்மா மழுப்பினா. அவங்க விடல. உனக்கு முதல்ல கொடுக்கக் கூடாதுன்னுதான் விதி, உனக்குக் கொடுக்கவே கூடாதுன்னு எங்க இருக்கு, எல்லாரையும் வரிசையில நிக்கச் சொல்ற, நீ மட்டும் வரிசைக்கே வர மாட்டேங்கற, இதுவும் ஒரு தலைக்கனம்தான்னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அம்மா முகம் சிவந்து போச்சு. அப்புறம் அவ, எங்க வீட்டுக்காரரைத் தூக்கக் காலையில ஆள் வேணும், என்னால முடியலன்னா. அவ்வளவு மெதுவாச் சொன்னா, பக்கத்துல படுத்திருந்த எனக்கே சரியாக் கேட்கல. கல்யாணமான நாள்ல இருந்து அவ யார்கிட்டயும் ஒண்ணு வேணும்னு கேட்டு நான் பார்த்ததே இல்ல.

அடுத்த வாரத்துல இருந்து தூக்க ஆள் வர்ற முறையில நம்ம வீடும் சேர்ந்துச்சு. இப்போ காலையில பேக்கரிக்காரம்மாவும், ரிட்டயரான ஒரு தபால்காரரும் வர்றாங்க. தினமும் மாவு பிசையற கை அவங்களோடது, என்னை ஒரு பொட்டலம் மாதிரி தூக்கி வச்சுடறாங்க. புண் காய்ஞ்சுக்கிட்டு வருது. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வரைக்கும் போய் வர்றேன். மோட்டார் கட்டில் இன்னும் வரல, இனிமே அது எனக்குத் தேவைப்படாதுன்னு நினைக்கறேன். கட்டில் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க அம்மா டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தா. அந்தப் பொண்ணு படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு, எழுப்பாம வந்துட்டேன்னா. நான் ம்ம்னு மட்டும் சொன்னேன். அம்மா செஞ்சது சரிதான்னு முழு மனசா சொல்ல எனக்கு இன்னும் வரல, என் முதுகு ஒத்துக்க மாட்டேங்குது. ஆனா அவ என்னைக் கிடக்க விட்டுட்டான்னு யாராவது சொன்னா, அது நீயா இருந்தாலும், எனக்குத் தாங்கல. என்னைத் தூக்கித் தூக்கித்தான் அவ கை அப்படி ஆச்சு.

அவ ரொம்பக் களைச்சுப் போயிட்டா. இந்த வருஷத்தோட தலைவி பொறுப்பை விட்டுடறேன்னு சொல்றா. விடட்டும், போதும். நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், கேட்டா அவளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம போனை வச்சுடுவா. கை எப்படி இருக்குன்னு கேளு. என் இடுப்பைப் பத்தி எல்லாரும் விசாரிச்சாச்சு, அவ கையைப் பத்தி வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூடக் கேட்கல, நானும்தான். அத்தைகிட்ட இதை வச்சுச் சண்டைக்குப் போகாத, அவ என் மேல இருக்கற பாசத்துல சொன்னது. மாப்பிள்ளையை ஈரப் படியில பார்த்து இறங்கச் சொல்லு. எல்லாரும் நோய் நொடி இல்லாம நீண்ட நாள் நல்லா இருங்க, குழந்தைக்கு என் முத்தம்.

இதை எழுதற நேரம் அம்மா எதிர் நாற்காலியில உட்கார்ந்தபடியே தூங்கறா, வாய் லேசாத் திறந்திருக்கு. போனை மடியில வச்சிருக்கா, அது அடிச்சா உடனே எடுக்கணும்னு சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கா. இந்தக் கடிதம் உன் கையில கிடைக்கற நாளும் மத்தியானத்துல அவ இப்படித்தான் தூங்கிக்கிட்டு இருப்பா. அதனால மத்தியானம் கூப்பிடாதம்மா. கொஞ்சம் தூங்கட்டும். சாயங்காலமாக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா