மாஸ்டரின் இடுப்பளவு

ஜூன் 3

சிஸ்டருக்கு,

டெய்லர் மாஸ்டர் எழுதுவது. நான் நலம், நீங்களும் நலமாக இருக்கவேண்டும். பயிற்சிக்குப் போகிறேன், மூன்று செவ்வாய்க்கிழமை வரமாட்டேன் என்றீர்கள். போனில் பேசினால் எனக்கு மூச்சு வாங்குவதால், கடிதமாக எழுதிப் போடவும் சொன்னீர்கள். அதுவும் நல்லதுதான். எழுத்தில் தப்பு வந்தால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

இதயம் சரியாக வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபின் நீங்கள் வாராவாரம் படியேறி வந்து நடத்திய பாடமெல்லாம் தவறாமல் நடக்கிறது. காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு, வாயில் ஒரு வாய் டீ படுமுன் எடை மெஷினில் ஏறுகிறேன். அறுபத்திரண்டு. கணுக்காலை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. தண்ணீர் ஒன்றரை லிட்டரோடு சரி. உப்பு டப்பாவை எட்டாத அலமாரியில் ஏற்றிவிட்டேன். நாற்காலி போட்டு எடுப்பேன் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருந்தேன். அந்த நீர் மாத்திரை. போட்டால் அரைமணிக்கு ஒருதரம் ஓடவேண்டியிருக்கிறது. என் கடையில் கழிவறை கிடையாது. பக்கத்து பேங்க் வாட்ச்மேன் முதல் நாள் விடுவார், மறுநாள் முறைப்பார். ட்ரையல் பார்க்க வந்தவர் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நிற்கும்போது நான் எங்கே ஓடுவது? போன மாதம் ஒருநாள் ஓட முடியாமலே போயிற்று. நின்ற இடத்திலேயே நனைந்துவிட்டது. அறுபத்தெட்டு வயசில் இதைவிட அவமானம் உண்டா? அதிலிருந்து வாரத்தில் ட்ரையல் இருக்கும் இரண்டு நாளும் மாத்திரை போடுவதில்லை.

என் மகளுக்குத் தெரிந்தால் கடையைப் பூட்டி என்னைத் தன் ஊருக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவாள். "தச்சது போதும்பா" என்று இப்போதே தினமும் போனில் ஒரே பாட்டு. கடை இல்லையென்றால் நான் எதற்கு இருக்கவேண்டும்? உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
டெய்லர் மாஸ்டர்

ஜூன் 8

அன்புள்ள மாஸ்டருக்கு,

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நான் போய்ப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். நோட்டில் மட்டும் அழகாக டிக் போட்டுவிடுவார்கள். என்னை நம்பிச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்.

ஆனால் மாத்திரையை விடக்கூடாது மாஸ்டர், விளையாட்டில்லை. கடை முடிந்து வந்தபின், மூன்று மணிக்குப் போடலாமா என்று டாக்டரைக் கேட்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, அன்றைக்கே போன் செய்யுங்கள். மகளிடம் சொல்லமாட்டேன். நமக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
சிஸ்டர்

ஜூலை 2

சிஸ்டர்,

நலம் விசாரிக்க மனசில்லை. மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கே வந்து நின்றார்கள். அவள் கையில் புதுப்பூட்டு. "மாத்திரைய விட்டுட்டு உக்காந்து தைக்கிறீங்களாமே? சிஸ்டர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றாள். எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும். "நின்ன இடத்துலயே போயிட்டீங்களாமேப்பா" என்று அழுதாள். மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். சிஸ்டர், அந்த நிமிஷம் நான் செத்துவிட்டேன். இப்போது நடமாடுவது வேறு ஆள்.

தையல் மெஷினை, எனக்குப் பட்டன் காஜா போட்டுத் தரும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாதி தைத்த பதினோரு யூனிஃபார்ம் வேறு கடைக்குப் போயிற்று.

நீங்கள் சொன்னதைக்கூட விடுங்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் செவ்வாய்க்கிழமை வந்தீர்களே! என் காலை மடியில் தூக்கி வைத்து அழுத்திப் பார்த்தீர்கள். "மாஸ்டர், சூப்பரா இருக்கீங்க" என்றீர்கள். டீ குடித்தீர்கள். அதற்கு முன்பே மகளிடம் பேசியாயிற்று என்று இப்போது தெரிகிறது. ஒரு வார்த்தை சொன்னீர்களா? என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள்.

டெய்லர்

ஜூலை 9

மாஸ்டர் அவர்களுக்கு,

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் மகள் மூன்று முறை போன் செய்தார். "அப்பா என்கிட்ட உண்மையே சொல்றதில்ல சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க" என்று அழுதார். மனசு கேட்கவில்லை. தெரிந்தால் கடைப் பக்கத்திலேயே கழிவறைக்கு ஏதாவது வழி செய்வார் என்று நினைத்தேன். பூட்டோடு வருவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

அன்றைக்கு உங்களிடம் சொல்லத்தான் படியேறினேன். நீங்கள் யூனிஃபார்ம் ஆர்டர் வந்த சந்தோஷத்தில் இருந்தீர்கள். எனக்கு வாய் வரவில்லை. பயந்துவிட்டேன். மூன்று மணிக்கு மாத்திரை போடலாம் என்று டாக்டர் சொன்னது அதற்கு மறுவாரம்.

அங்கே வீட்டுக்கு வரும் நர்ஸ் கிடைக்க ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை வாராவாரம் எடையை எனக்கு எழுதுங்கள். என்மேல் உள்ள கோபத்தை உடம்பின்மேல் காட்டாதீர்கள்.

சிஸ்டர்

ஜூலை 17

சிஸ்டருக்கு,

கேட்டீர்கள், எழுதுகிறேன். திங்கள் முதல் ஞாயிறு வரை அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்தொன்றரை, பிறகு எல்லாம் அறுபத்திரண்டு. கால் வீக்கம் இல்லை. பேண்ட் இடுப்பில் இறுக்கமில்லை. படுத்தால் மூச்சு முட்டவில்லை, ஒரே தலையணைதான்.

ஆறாவது மாடி. மகள் ஆபீஸ் போனால் சாயங்காலம் வரை நானும் டிவியும். இந்த வீட்டில் மூன்று கழிவறை இருக்கிறது. எனக்குத்தான் வேலை இல்லை.

டெய்லர்

ஜூலை 25

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் எண்களைப் பார்த்தபின்தான் எனக்குச் சோறு இறங்கியது. இங்கே எல்லோரிடமும் காட்டி, "எங்க மாஸ்டரப் பாருங்க" என்று பீற்றிக்கொண்டேன். நீங்கள் என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, இப்படியே இருங்கள்.

அன்புடன்,
சிஸ்டர்

ஆகஸ்ட் 14

மாஸ்டர்,

உங்கள் மகள் சொல்லி, பஸ் பிடித்து வார்டுக்கு வந்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்பவில்லை. கட்டிலில் தொங்கிய தாளில் எழுபது கிலோ என்று இருந்தது. எனக்குக் கடைசியாக வந்த கடிதத்திலும் அறுபத்திரண்டுதான்.

மகள் உங்கள் பேண்டை மடித்துக்கொண்டிருந்தார். வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கத் தையலைப் பிரித்து இடுப்பை அகலப்படுத்தியிருக்கிறீர்கள். கை ஊசியால், மூன்று தரம். பழைய தையலின் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. இறுக்கமில்லை என்று எழுதினீர்களே, அது ஒன்றுதான் உண்மை.

அந்த எண்களை நம்பி நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஊர் நர்ஸுக்குப் போன் செய்து, "எங்க மாஸ்டருக்கு அவசரமில்ல, மத்தவங்கள முதல்ல பாருங்க" என்று சொன்னேன். என் கையாலேயே உங்களை வரிசையின் கடைசியில் தள்ளவைத்துவிட்டீர்கள். கோபம் இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே! நான் செய்தது துரோகம்தான். இது மட்டும் என்ன?

சிஸ்டர்

ஆகஸ்ட் 30

சிஸ்டருக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை. நீங்கள் பேண்டைப் புரட்டியதும், கண்ணைத் துடைத்ததும் தெரிந்தது. பேச மனசு வரவில்லை.

பொய் எழுதியது தப்பு. மாத்திரையையும் பாதி நாள் போடவில்லை. உங்களை ஏமாற்றும்போது உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கவில்லை. மூச்சு முட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தச் சந்தோஷமெல்லாம் பறந்துவிட்டது. சாக எனக்கு ஆசை இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இங்கே புது நர்ஸ் வந்தார். சிரிக்கத் தெரியாத ஆள், கறார். வந்தவுடன் சொன்னார்: "உங்க பொண்ணுகிட்ட எதையாவது நான் சொல்ல வேண்டி வந்தா, முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." நான் உங்களிடம் கேட்டது இவ்வளவுதான் சிஸ்டர். அதற்கு அந்த ஒரு செவ்வாய்க்கிழமையே போதுமே!

அவரிடம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லிவிட்டேன். மாத்திரையைக் காலை எட்டு மணிக்கு முன்னாலேயே போடுகிறேன். இன்று காலை எடை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்கு எழுத மனசில்லை.

பதில் போடாதீர்கள். போட்டால் படித்துவிடுவேன்.

டெய்லர்