அடி அண்ணாமலை வரை ஒரு கட்சி

பாய்,

இன்று காலை அடி அண்ணாமலை டீக்கடையில் கேஸ் தீர்ந்துவிட்டது. கடைக்கார அம்மா பரணில் கிடந்த பம்ப் ஸ்டவ்வை இறக்கித் துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். அந்த வாசம் வந்ததும் நான் பெஞ்சில் நகர்ந்து உனக்கு இடம் விட்டேன். நின்றுகொண்டிருந்த ஒருவர் தமக்குத்தான் என்று நினைத்து உட்கார்ந்துகொண்டார். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. என் உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

கிரிவலப் பாதையில் மலையைத் தனியாகத்தான் சுற்ற வந்தேன். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

விமானத்துக்கு ஊற்றுவதும் ஏறக்குறைய இதே மண்ணெண்ணெய்தான் என்று சொன்னால் நம் ஊரில் நம்பமாட்டார்கள். "சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்" என்பாய் நீ. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிரிடுகிற வீட்டிலிருந்து நானும், டவுனில் துணிக்கடை வைத்திருந்த வீட்டிலிருந்து நீயும், பள்ளிக்கூடம் முடித்த கையோடு விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தோம். பிறகு பம்பாயில் ஒரு விமானக் கம்பெனியில் பிளைட் இன்ஜினியர் ஆனோம். பைலட்டுகள் இருவரும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால், பக்கவாட்டில் ஒரு நாற்காலி. கண்ணுக்கு நேரே, இன்ஜின் நிலவரம் காட்டும் முள்ளும் வட்டமுமாக ஒரு சுவர். என் அம்மா மட்டும் கடைசிவரை என்னைப் பைலட் என்றே ஊரில் சொல்லிவைத்தாள்.

எழுபதுகளின் கடைசியில் அந்த அழைப்பு வந்தது, இருவருக்கும் ஒன்றாக. வளைகுடாவில் ஒரு சார்ட்டர் கம்பெனி. அவர்களுக்கென்று நிலையான பாதை கிடையாது. யார் வாடகைக்கு எடுத்தாலும் பறப்பார்கள். ஹஜ் காலத்தில் யாத்திரிகர்கள், கோடையில் கடற்கரைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள், நடுவில் ஆடுகள்கூட. சம்பளம் டாலரில், நாம் வாங்கியதைப் போலப் பல மடங்கு. ஆனால் பறந்த மணிக்குத்தான் சம்பளம், சும்மா இருந்தால் படி மட்டும். பென்ஷன் இல்லை. வீடு என்பது அந்தந்த ஊரில் கிடைக்கிற ஓட்டல் அறை. வருஷாவருஷம் ஒப்பந்தம்.

லீவில் ஊருக்கு வந்திருந்தபோது நீதான் கூப்பிட்டாய்.

"மலையைச் சுத்திட்டு முடிவு பண்ணலாம் வா. பாதி வழி, அடி அண்ணாமலை வரைக்கும் நீ போகணும்னு பேசு, நான் வேணாம்னு பேசறேன். அங்க டீ குடிச்சிட்டு கட்சி மாறிக்கலாம்."

"இது இன்னாடா வெளையாட்டு?"

"எந்தக் கட்சில நிக்கறப்ப வாய் அடைச்சுப்போவுதுன்னு பாரு. அது உன் கட்சி இல்ல."

ஆசிரமத்தைத் தாண்டுவதற்குள்ளாகவே உனக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் உன்னிடம் இல்லை. போகவேண்டும் என்று நானும் ஏதோ ஒப்புக்குப் பேசினேன். டீ குடித்துவிட்டுக் கட்சி மாறினோம், அவ்வளவுதான், உன்னைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு தங்கைகளின் கல்யாணம், ஒழுகாத கூரை, அம்மாவுக்கு ஹஜ். அதையெல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, "உலகத்துல எவ்ளோ ஊரு கீது, பாக்காமயே செத்துப்போறதா?" என்றாய். நானோ பிள்ளைகளின் படிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு, நிலையான வேலை என்று டவுன் வருகிற வரை இருப்பதற்கே காரணம் அடுக்கினேன். முடிவை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"என்ன பயந்தாங்கொள்ளின்னு நெனைக்கறியா?" என்று கேட்டேன். நீ நின்றுவிட்டாய்.

"வூட்ல இருக்கறதுக்கு இவ்ளோ காரணம் வெச்சிருக்கியேடா, எனக்குப் பொறாமையா இருக்கு."

அந்த ஒரு வார்த்தையால்தான், பிற்பாடு உன் டாலரைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரியவில்லை. எரிந்தது, ஆனால் கம்மி.

எண்பதுகளில் நீ லீவில் வரும்போதெல்லாம் கடைத்தெருவே உன்னைச் சூழ்ந்துகொள்ளும். சம்பளம் எவ்வளவு என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் கூட்டிச் சொல்வார்கள், மீதிப் பேர் மழுப்புவார்கள். நீ உள்ளதைச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே அடுத்ததையும் சொல்வாய்: "போன பெருநாளைக்கு ஆட்டு மந்தையோட ஆகாசத்துல இருந்தேன். அதயும் கணக்குல சேத்துக்கோங்க." உன்னிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். வரவைச் சொன்ன வாயாலேயே செலவையும் சொல்லிவிடுவாய்.

தங்கைகளின் கல்யாணம் நடந்தது. கூரை போய் மாடி வந்தது. அம்மா ஹஜ்ஜுக்குப் போனபோது ஜித்தா விமான நிலையத்தில் யூனிபார்மோடு நின்று நீயே எதிர்கொண்டாய். கூட வந்தவர்களிடமெல்லாம் அம்மா உன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினாராம்.

ஓட்டல் பழக்கம் மட்டும் உன்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குளித்துவிட்டுத் துண்டைத் தரையில் போட்டுவிட்டு வருவாய். ஓட்டலில் அப்படிப் போட்டால் துவைக்க எடுத்துக்கொள்வார்களாம். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. இது ஓட்டலுன்னு நெனச்சிட்டாரு. ஒரு நாளைக்கு பில்லு குடுத்துடப்போறேன்" என்று உன் வீட்டம்மா என்னிடம் முறையிடுவாள். எல்லோரும் சிரிப்போம்.

சாசர் வந்த அன்றும் முதலில் சிரித்தோம். உன் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். உள்ளேயிருந்து டீ எடுத்து வந்தாள். எனக்கு எப்போதும் போல டம்ளர். உனக்கு, அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பை, கீழே சாசர். "எடுத்துக்கோங்க" என்று மரியாதையாக நீட்டினாள்.

"அத்தாவுக்கு எதுக்குடி சாசரு?" என்றாள் உன் வீட்டம்மா.

"வெளியூர்லேந்து வர்றவங்களுக்கு சாசர் வெக்கணும்னு நீதானே சொன்ன?"

நீ கோப்பையை வாங்கிக்கொண்டாய். டீயை முழுக்கக் குடித்தாய். கோப்பையைச் சத்தம் வராமல் சாசரில் வைத்தாய்.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றாய். "மலைக்கு வரியா?"

கம்பெனி உன்னைப் பயிற்சியாளராக உயர்த்தி, சம்பளத்தைக் கூட்டி, புதிய ஒப்பந்தம் தரத் தயாராக இருந்தது. அடி அண்ணாமலை வரை நீ கம்பெனிக் கட்சி. அவ்வளவு அழகாகப் பேசினாய், நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். டீ குடித்தோம். இப்போது கம்பெனிக்காக நான் பேச வேண்டும், திரும்பி வருவதற்காக நீ. வெகுதூரம் நடந்தாய்.

"எம் பொண்ணு எனக்கு சாசர் வெக்கறாடா" என்றாய் கடைசியில். "எங்கிட்ட ஒரே காரணம்தான் கீது. பதில் சொல்லு பாப்போம்."

டவுன் வருகிற வரை யோசித்தேன். 

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மெக்கானிக்காக ஒரு தரைவேலையைப் பிடித்தாய். குடும்பத்தோடு பல்லாவரத்தில் வாடகை வீடு. சம்பளம் எங்கேயோ இருந்து எங்கேயோ இறங்கியது. உன்னை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் சண்டைக்குப் போகப் பார்த்தேன், நீ தடுத்துவிட்டாய். "போனதும் சரி, வந்ததும் சரி. இதுல யாருக்கு இன்னா வெளக்கம் குடுக்கறது?" அந்தத் தெளிவு எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை பாய். எடுத்த முடிவை நினைத்து மருகாத மனிதனை நான் உன்னைத் தவிரப் பார்த்ததில்லை.

சில மாதம் கழித்து என் விமானம் சென்னையில் இறங்கியது. இன்ஜின் சத்தம் அடங்குவதற்குள் எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு, படியேறி நேராகக் காக்பிட்டுக்குள் வந்தாய். ஏதோ கோளாறு என்று கேப்டன் பதறி எழுந்தார். நீ அவரைப் பார்க்கவே இல்லை.

"டம்ளர்ல குடுத்துட்டாடா! சூடா கீதுன்னு கத்தினேன், 'ஊதிக் குடி அத்தா'ன்னுட்டு வெளையாடப் போய்ட்டா!"

உன் முகத்தில் அன்று இருந்ததை எந்தச் சம்பள நாளிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். தனியாக எதற்கு இருக்கிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள் என்று மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிடுகிறான். நல்ல பிள்ளை. எனக்கென்று தனி அறை, வாசலில் கார், பக்கத்திலேயே டாக்டர். இன்று அடி அண்ணாமலை வரை போகவேண்டும் என்ற கட்சியில் நடந்து வந்தேன். குறையில்லாமல்தான் பேசினேன்.

டீ குடித்தாயிற்று. இனி போகவேண்டாம் என்ற கட்சிக்கு மாற வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை உன் டவுன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மகள் வந்திருந்தாள். உன் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பூப்போட்ட கோப்பை, சாசர். கடைசியாக என்னிடம் வந்தாள். டம்ளரை என் கையில் திணித்து, "ஊதிக் குடிங்க மாமா" என்று சொல்லிவிட்டு, நின்றுகூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

என்னிடமும் ஒரே காரணம்தான் இருக்கிறது, பாய்.